மானி வேர்

விசாகனின் ஜீப் நாற்றங்கால் வாசலில் வந்து நின்றபோது, ஜெசிந்தா ஒட்டுக்கத்தியைத் துடைத்து மடக்கி ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள். இந்த ஜீப்புக்காகத்தான் அவள் வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். வந்துவிட்டது என்று தெரிந்ததும் படபடப்பு எதுவும் வரவில்லை. நன்றாகப் பசித்தது.

"எப்படி இருக்கே ஜெசிந்தா?"

"இருக்கேன். சொல்லு."

இருவரும் ஒரே வேளாண்மைக் கல்லூரியில் படித்தவர்கள். கொடைக்கானல் மலைமேல் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தவர்கள். இப்போது விசாகன் இந்த மலையிலேயே பெரிய பிளம்ஸ் கம்பெனிக்கு முதலாளி. அவள் சரிவில் ஒரு துண்டு நிலத்தில் வேர்ச்செடி வளர்த்து விற்கிறாள்.

பிளம்ஸ் மரம் என்று நாம் பார்ப்பது உண்மையில் இரண்டு மரம். கீழே ஒரு வேர், அதன்மேல் பழம் தருகிற குச்சி. இரண்டையும் சீவி, வெட்டுவாய் பொருந்தச் சேர்த்துக் கட்டினால் ஒன்றாகிவிடும். வேர் நன்றாக இருந்தால்தான் மரம் நிற்கும். விசாகனுக்கு அங்கேதான் சிக்கல். மழை முன்போல இல்லை. பெய்தால் வாரக்கணக்கில் பெய்து தோட்டத்தில் தண்ணீர் நின்றது. பீச் வேரில் ஒட்டிய அவனுடைய மரங்கள் அழுகிச் சாய்ந்தன.

"உன் வேர் தண்ணியில அழுகாதாமே?" அவன் தொட்டிச் செடி ஒன்றைத் தூக்கிப் பார்த்தான்.

"அழுகாது."

"வேரைத் தின்னுற நூற்புழுவும் தொடாதாமே?"

"தொடாது."

"மாதிரித் தோட்டம் முழுக்க மாத்தி நடப்போறேன். பழசை மனசுல வச்சுக்காம குடுப்பியா?"

"குடுக்கிறேன். உன் தோட்டத்துக்கு மட்டும். வெளிய யாருக்கும் விக்கக் கூடாது."

"சரி."

"இன்னொண்ணும் கேட்டுக்க. உன் குச்சி சுத்தமா இருந்தா இந்த வேர் உன் பேரன் காலம் வரைக்கும் நிக்கும்."

விசாகன் சிரித்தான். "என் செம்மணிப் பிளம்ஸ் சுத்தம்னு நோய்த்தடுப்பு வாரியமே சொல்லிருச்சு. நீ இன்னும் அதையே பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கியா?"

"அப்ப உனக்கு என்ன பயம்? எடுத்துட்டுப் போ."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இனித்தது.

மலைக்கு வளையநோய் வந்தது அவர்கள் இருவரும் பண்ணையில் சேர்ந்த புதிதில். இலையில் வெளிறிய வளையங்கள் விழும். பிறகு பழத்தில், பழத்துக்குள் இருக்கும் கொட்டையில்கூட அதே வளையம். பழம் நிறம் ஏறும் முன்பே உதிரும். கடித்தால் ஈரப் பஞ்சைக் கடித்ததுபோல இருக்கும். இது வைரஸ். அசுவினிப் பூச்சி ஒரு மரத்தில் உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்தில் போய் உட்கார்ந்தால் போதும். மருந்து கிடையாது. மலைப்பயிர் நோய்த்தடுப்பு வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தி, வளையம் கண்ட மரத்தை வெட்டு என்று ஆள் அனுப்பினார்கள். வெட்டிய மரத்துக்கு ஏதோ ஒரு நட்டஈடு.

பண்ணையில் ஜெசிந்தாவும் விசாகனும் விதவிதமான மரங்களைக் கலந்து கன்று எடுத்து, அவற்றுக்கு வேண்டுமென்றே வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் வளையம் விழுந்து சுருண்டன. ஒன்று மட்டும் எதுவுமே நடக்காததுபோல நின்றது. பழம் ரத்தினம் போலச் சிவந்தது. விசாகன் அதைக் கட்டிப்பிடிக்காத குறை. ஜெசிந்தா அதன் சாற்றை எடுத்துச் சோதித்தாள். ஒவ்வொரு துளியிலும் வைரஸ். செடிக்கு நோய் வந்திருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அந்தச் செடியில் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு அசுவினியும் நோயைச் சுமந்துகொண்டு அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும்.

"எரிச்சுரு," என்றாள். எரித்துவிட்டேன் என்றான். அடுத்த வருஷம் வேலையை விட்டான். அதற்கடுத்த வருஷம் 'வளையநோய் வராத செம்மணி' கடைக்கு வந்தது.

வாரியத்துக்காரர்கள் வளையம் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். செம்மணியில் வளையம் விழாது. ஆகவே செம்மணி நின்றது. அதைச் சுற்றியிருந்த பழைய மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மரம் போனவர்கள் வேறு வழியில்லாமல் செம்மணியை வாங்கி நட்டார்கள். நோயையும் அவனே விற்றான், மருந்தையும் அவனே விற்றான். ஜெசிந்தா புகார் கொடுத்தாள். வாரியம் அவன் கம்பெனி கொண்டுவந்து கொடுத்த இலையைச் சோதித்துவிட்டு, சுத்தம் என்று சொல்லிவிட்டது. அவள் வேலையை விட்டாள்.

அப்படி வெட்டுப்பட்ட தோட்டங்களில் ஒன்று அவள் அண்ணன் லூர்துவுடையது. வெட்டும் நாளில் லூர்து கடைசி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். வேட்டி அவிழ்ந்துவிட்டது. யாரோ அதைப் போனில் எடுத்து, ஒரு காதல் பாட்டைச் சேர்த்து வெளியே விட்டார்கள். நாடே பார்த்துச் சிரித்தது. லூர்து இப்போது ஏரிக்கரையில் மக்காச்சோளம் வேகவைத்து விற்கிறான். சுற்றுலா வருகிற பையன்கள் இன்னும் அடையாளம் கண்டுகொள்வார்கள். "அண்ணே, மரத்துக்கு முத்தம் குடுத்தவர்தானே? ஒரு செல்ஃபி." லூர்து பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். படம் எடுத்தால் சோளம் வாங்குவார்களே.

ஒவ்வொரு செல்ஃபிக்கும் ஜெசிந்தா மனதுக்குள் விசாகனை ஒருமுறை வெட்டினாள். பகலெல்லாம் நாற்றங்காலில் மலைக்காட்டுப் பீச்சையும் பிளம்ஸையும் கலந்தாள். ஒரே ஒரு விதையிலிருந்து அவள் தேடியது முளைத்தது. அதே கலப்பை மறுபடி செய்தாலும் இன்னொன்று அப்படி முளைக்கும் என்று அவளாலேயே சொல்ல முடியாது. அந்த ஒன்றை மண்ணணைத்துக் கிளைக்கவைத்து ஒரு தாய்ப்பாத்தி ஆக்கினாள். அவள் விற்ற வேர்ச்செடி எல்லாம் குச்சி குச்சியாக அதிலிருந்துதான் வந்தன.

லூர்துவிடம் காட்டினாள். ஒரு தொட்டியில் செழித்த செடி. பக்கத்துத் தொட்டியில் அதே வேரில் செம்மணிக் குச்சி ஒட்டியது, கறுத்துச் செத்துக் கிடந்தது.

"இதுதான் எதிர்ப்புச் சக்தியா? செத்துப்போறதா?"

"ஆமாண்ணே. வைரஸ் நுழைஞ்ச இடம் உடனே தன்னைத்தானே கொன்னுக்கும். பக்கத்துக்குப் பரவ விடாது. ஆனா மேல ஒட்டியிருக்கிற குச்சி பூரா வைரஸா இருந்தா, அது தினமும் கீழ இறங்கிக்கிட்டே இருக்கும். வேரும் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கிட்டே வரும். ஒரு பருவம் தாங்கும். மறு பருவத்துல வேரே இருக்காது."

"சுத்தமான குச்சியா இருந்தா?"

"ஒண்ணும் ஆகாது. ஜோரா நிக்கும்."

லூர்து செத்த செடியைத் தொட்டியிலிருந்து உருவி வெகுநேரம் பார்த்தான். "அசிங்கப்பட்டு உயிரோட இருக்க மாட்டேங்குது. மானஸ்தன்தான் இது." அதைத் தொட்டியில் திரும்ப நட்டுவைத்தான். "மானின்னு பேர் வை."

இப்போது விசாகனின் ஜீப் மானி ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கியது.

முதல் பருவம் மாதிரித் தோட்டம் கண்ணைப் பறித்தது. மறு பருவத்தில், இலையில்லாத கிளைகளில் வெள்ளைப் பூ பூத்த ஒரு வாரத்தில், பூவெல்லாம் தீய்ந்ததுபோல் ஆனது. அடிமரத்தில் பிசின் வழிந்தது. ஜெசிந்தா பஸ்ஸில் போய் இறங்கி, சாலையோரம் நின்று கம்பிவேலி வழியாகப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் கறுத்திருந்தது. அருகிலிருந்த கடையில் புரோட்டா தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

விசாகன் வந்தான். இந்த முறை அவனே ஓட்டி வந்தான்.

"என்ன பண்ணின?"

"வேர் குடுத்தேன்." அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"எல்லாம் செத்துருச்சு."

"சுத்தமான குச்சின்னா நிக்கும்னு சொல்லித்தானே குடுத்தேன்? வாரியத்துல என்மேல புகார் குடு. 'என் செம்மணியில வைரஸ் இருக்கு, அதனால இவ குடுத்த வேர் செத்துருச்சு'ன்னு சொல்லு. நான் மறுக்கவே மாட்டேன்."

விசாகன் டீயைக் கையில் எடுத்துக்கொண்டான். வாயைத் திறந்தால் அவன் கம்பெனியே முடிந்துவிடும். அவன் டீயைக் குடித்து முடிக்கும்வரை அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் டம்ளரைக் குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். அந்த நிதானம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மழைக்காலத்தில் அதன் காரணம் விளங்கியது. லூர்துதான் சேதி கொண்டுவந்தான்.

"அவன்கிட்ட ஒட்டுக் கட்டின கன்னு நிறைய மிச்சம் இருந்திருக்கு. எல்லாத்தையும் காசிப்பாறைக்கு லாரியில ஏத்தி அனுப்புறான். பாதி விலையாம்."

காசிப்பாறை மேல்மலையில் இருக்கும் சின்ன ஊர். கேரட்டும் பூண்டும் போட்டுப் பிழைப்பவர்கள். பிளம்ஸ் வைத்தால் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்று அவர்களுக்கு ஓர் ஆசை உண்டு.

"நம்ம வேரா?"

"நம்ம வேர்தான்."

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டாள். லூர்து குறுக்கே நின்றான்.

"எங்க போற? போய் என்ன சொல்லுவ? நான் குடுத்த வேர், செத்துரும்னு சொல்லுவியா? பழி உன்மேல விழும், அவன் தப்பிச்சுருவான்டி. பேசாம இரு. அங்க நூறு தோட்டம் சாகட்டும். ஒரு தோட்டம் செத்தா மூடி மறைக்கலாம். நூறு செத்தா எவனால மறைக்க முடியும்?"

"அவங்க என்ன பண்ணினாங்க அண்ணே?"

"நான் என்ன பண்ணினேன்?"

செருப்பைக் கழற்றி வைத்தாள். கேட்டால் அண்ணனுக்காக என்று சொல்லியிருப்பாள். உண்மையில் விசாகன் முற்றாக அழிவதைப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது. மழை ஓய்ந்து பனி இறங்கி, தை பிறக்கும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

லூர்துவுக்கு மக்காச்சோளம் கொண்டுவந்து போடுகிறவர்களில் காசிப்பாறைக் குருவம்மாவும் ஒருத்தி. புருஷனை இழந்தவள், இரண்டு பெண்பிள்ளைகள். ஒருநாள் மூட்டையோடு ஒரு பூங்கிளையையும் கொண்டுவந்து லூர்துவிடம் நீட்டினாள். "நீங்க ஒரு காலத்துல பிளம்ஸ்காரராமே. எங்க தோட்டம் முதல் பூ பூத்திருக்கு. கண்ணு படாம நல்லவார்த்தை ஒண்ணு சொல்லுங்க."

அன்று லூர்து கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தான். கிளையைத் தங்கையின் மேசைமேல் வைத்தான். பூவின் விளிம்பெல்லாம் பழுப்பேறியிருந்தது.

"என்னால ஒரு வார்த்தை சொல்ல முடியலை ஜெசி. வாயே வரலை. நீ போ."

காசிப்பாறையில் அவள் போய் இறங்கியபோது பெண்கள் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். குருவம்மாவைத் தேடித் தோட்டத்துக்குப் போனாள். இளம் மரங்கள். பாதி கறுத்துவிட்டன, மீதியில் பிசின் தொடங்கியிருந்தது.

"உரம் பத்தலையோ என்னமோ," என்றாள் குருவம்மா. "நீங்க சோளக்கடை லூர்து தங்கச்சி, செடி டாக்டரம்மாதானே? பார்த்துச் சொல்லுங்க."

ஜெசிந்தா சொன்னாள். செம்மணியில் இருக்கும் வைரஸ், தன் வேர், விசாகனுக்கு அதை எதற்காகக் கொடுத்தாள் என்பது, லாரி போனது தெரிந்தும் பேசாமல் இருந்தது எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

குருவம்மா கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தாள். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டாள். ஜெசிந்தாவின் கண்ணாடி எகிறிப் பாத்தியில் விழுந்தது.

"மழைக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டு நாங்க தண்ணி ஊத்துறதைப் பார்த்துட்டு இருந்தியா?"

ஜெசிந்தா கன்னத்தைக்கூடத் தொடவில்லை. குருவம்மா மூச்சு வாங்க நின்றாள். மரத்தைப் பார்த்தாள். அவளிடம் அழுகை இல்லை.

"அவன்தான் இதுக்குக் காரணம்னு எங்களை மாதிரி ஆளுக்கு எப்படித் தெரியும்? லேப்புக்கா போகமுடியும்?"

"லேப் வேணாம். குச்சியில இருந்து வைரஸ் இறங்கினா ஒட்டின இடத்துலதான் முதல்ல கறுக்கும். வெட்டிப் பாருங்க."

குருவம்மா ஒரு கன்றைப் பிடுங்கி, அரிவாளால் ஒட்டுவாயில் பிளந்தாள். மேல் பாதி வெள்ளை. கீழ்ப் பாதி வெள்ளை. நடுவே மை பூசியதுபோல ஒரு கறுப்புக் கோடு, மரத்தைச் சுற்றி.

"இதை எவன் பார்த்தாலும் புரியும்," என்றாள் குருவம்மா.

மே மாதம் கோடை விழா. ஏரிக்கு மேலே பூக்கண்காட்சி மேடையில் விசாகனுக்குச் சிறந்த பழ விவசாயி என்று பொன்னாடை போர்த்த ஏற்பாடாகியிருந்தது. பெயரை அழைத்தார்கள். அவன் எழுந்தான். அதே நேரம் காசிப்பாறை ஜனங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் வேரோடு பிடுங்கிய கன்றுகள், செம்மணி அட்டை தொங்கியபடி. குருவம்மா மேடையேறி, வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் ஒரு கன்றை வைத்து அரிவாளால் பிளந்தாள். பிறகு இன்னொன்று. போன்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின.

விசாகன் பதறவில்லை. மைக்கைப் பிடித்தான். "அம்மா, செம்மணி மேல தப்பு இல்லை. வேர்தான் கெட்டது. அந்த வேரை வித்தது யாருன்னு கேளுங்க."

"நான்தான்," என்று ஜெசிந்தா கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்தாள். "சாகும்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். என் நாற்றங்கால்ல இதே வேர்ல பழைய பிளம்ஸ் ஒட்டின மரம் நிக்குது. பச்சைப் பசேல்னு இருக்கு. வைரஸ் இல்லாத குச்சியா இருந்தா மானி சாகாது. நம்பிக்கை இல்லைன்னா இப்பவே அவன் தோட்டத்துக்குப் போங்க. அவன் குடுக்கிற இலை வேணாம். நீங்களே பறிச்சுச் சோதிங்க."

இந்த முறை இலையை வாரியமே பறித்தது. முடிவு வந்ததும் மலையில் இருந்த அத்தனை செம்மணியையும் வெட்டி எரிக்க உத்தரவானது. விசாகனின் தோட்டம் எரிந்தபோது லூர்து சாலையில் நின்று, உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கைதட்டினான். அன்றிரவு தங்கை வீட்டில் இரண்டு தட்டு சோறு தின்றான். ஜெசிந்தாவும் தின்றாள். தெரிந்தே கெட்ட வேரைக் கொடுத்ததற்காக அவள்மேலும் வழக்கு இருந்தது. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. விசாகன் ஒழிந்தான், அது போதும் என்று நினைத்தாள்.

வாரியத்தின் துணை இயக்குநர் நிரஞ்சன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"மேடம், மானியை எங்களுக்குக் குடுத்துருங்க. உங்க தாய்ப்பாத்தியை வாரியம் எடுத்துக்கும். கேஸை நான் பேசி வாபஸ் வாங்கவைக்கிறேன்."

அவள் சம்மதித்தாள். வைரஸ் பட்டால் சாகும் வேரை வாரியம் ஆராய்ச்சிக்குக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பாத்தியைச் சுற்றி வேலி போட்டு ஒரு காவலாளை வைத்தார்கள். மார்கழியில் குச்சி வெட்டிப் பெருக்கப்போகிறோம், அதுவரை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள் என்று சாவியையும் அவளிடமே கொடுத்தார்கள்.

எதற்குப் பெருக்கப்போகிறார்கள் என்பது காசிப்பாறைக் கூட்டத்தில்தான் தெரிந்தது. நிரஞ்சன் ஜனங்கள் முன்னால் உற்சாகமாகப் பேசினார்.

"இனிமே மலையில நடுற ஒவ்வொரு பிளம்ஸும், பீச்சும் மானி வேர்லதான் இருக்கணும். சட்டமே வருது. நோய் வந்தா மரமே செத்துரும். மானின்னா அளக்கிற கருவி, பேரும் பொருத்தம். ஆள் அனுப்பி வெட்டுற பாவம் எங்களுக்கு வேணாம். எத்தனை பேர் என் காலைப் பிடிச்சு அழுதிருக்காங்க தெரியுமா?"

குருவம்மா எழுந்தாள். "நீங்க வெட்டினா நட்டஈடு உண்டுங்க. தானா செத்தா?"

"தானா செத்ததுக்கு எப்படிம்மா குடுக்க முடியும்?"

"நான் சுத்தமான குச்சிதான் வச்சிருக்கேன். பக்கத்துத் தோட்டத்துப் பூச்சி வந்து கடிச்சுருது. அப்ப?"

"அப்பவும் செத்துரும். ஆனா மத்தவங்க மரம் தப்பிக்கும்."

"மத்தவங்க மரமும் இதே வேர்தானே சார்?"

நிரஞ்சன் தொண்டையைச் செருமினார். நோய் குறையக் குறைய எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் குருவம்மா ஜெசிந்தாவின் அருகில் வந்தாள். இந்த முறை கை ஓங்கவில்லை.

"உனக்கு ஒருத்தன் மேல கோவம். அவனுக்காக ஒரு வேரைப் பண்ணின. இப்ப அதை எங்க எல்லார் காலுக்கடியிலயும் புதைக்கப் போறாங்க."

ஜெசிந்தா இரண்டு முறை வாரியத்துக்குப் போனாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள். மானி இப்போது வாரியத்தின் சொத்து என்று பணிவாகச் சொல்லி அனுப்பினார்கள்.

"பிடுங்கி எறிஞ்சுரு," என்றான் லூர்து.

"எறிஞ்சா தெரிஞ்சுரும். ஒரு துண்டு வேர் கிடைச்சாலும் மறுபடி தளிர்க்க வச்சுருவாங்க. வைரஸ் ஏறினாத்தான் கடைசி நுனி வரைக்கும் மிஞ்சாது. மிஞ்சாத வேரை எவனும் பெருக்க முடியாது."

"வைரஸுக்கு எங்க போவ? செம்மணியைத்தான் ஒண்ணு விடாம எரிச்சுட்டாங்களே."

"ஒண்ணு இருக்கும்," என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் காலை அவள் விசாகன் வீட்டுக் கதவைத் தட்டினாள். கம்பெனி மூடியாகிவிட்டது. மனைவி மகனோடு மதுரைக்குப் போய்விட்டாள். சவரம் செய்யாத முகத்தோடு அவனே வந்து திறந்தான்.

"ஒரு குச்சி வேணும்."

அவன் தெருவை எட்டிப் பார்த்தான். பிறகு மாடிக்கு அழைத்துப் போனான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நீல டிரம் ஒன்றில், இடுப்பளவு உயரத்துக்கு ஒரு செம்மணி.

"இது இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எரிச்சுட்டேன்னு நீ முன்னாடியும் ஒருதடவை சொல்லியிருக்கே."

"வாரியத்துக்குச் சொல்லலையே?"

"சொன்னா எரிச்சுருவாங்க. எனக்கு வேணும். மானிக்கு."

விசாகனுக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த வேலை தெரிந்தவன் அவன். சிரிக்கத் தொடங்கினான். வெகுநேரம் சிரித்தான்.

"என் மரம் எரிஞ்சப்ப உங்கண்ணன் கைதட்டினான். ஜன்னல்ல இருந்து பார்த்தேன். உன் செடி சாகறப்ப நான் தட்டணும். கறுத்ததும் எனக்கு ஒரு போன் போடு."

"போடுறேன்."

அவன் கை நீட்டினான். அவள் ஒட்டுக்கத்தியை எடுத்துக் கொடுத்தாள். நல்ல மொட்டுள்ள குச்சிகளாகப் பார்த்து, பழைய பழக்கத்தில் சாய்வாக, சுத்தமாக வெட்டினான். ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தான்.

"மிச்சத்தைப் பிடுங்கு," என்றாள்.

"ஜெசிந்தா..."

"ஒரு அசுவினி வந்து உட்கார்ந்தா போதும். நீ பிடுங்கு. இல்லைன்னா நான் இங்கிருந்தே வாரியத்துக்குப் பேசுறேன்."

அவன் டிரம்மை முழங்கால்களால் இறுக்கிப் பிடித்து, செடியை இரண்டு கையாலும் இழுத்தான். வேர்கள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் கேட்டது. அதைத் தரையில் போட்டு, கெரசின் ஊற்றிக் கொளுத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். ஈரக் கிளைகள் புகைந்தன.

"பழம் நல்ல பழம் ஜெசிந்தா. அதுல மட்டும் நான் பொய் சொல்லலை."

"தெரியும். முதல் பழத்தைத் தின்னது நான்தான்."

சாம்பலாகும்வரை அவள் நின்றாள். அவன்மேல் இரக்கம் வருகிறதா என்று உள்ளே துழாவிப் பார்த்தாள். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டாள்.

தாய்ப்பாத்தியில் வெயில் விழுந்திருந்தது. மானிகள் முழங்கால் உயரத்தில் பளபளத்தன. பழைய பிளம்ஸ் ஒட்டிய மானி மரத்துக்கும் ஒரு மொட்டை அவள் ஒதுக்கியிருந்தாள். அவள் செய்ததிலேயே சிறந்தது அதுதான். இனி அப்படி ஒன்றை அவள் செய்யப்போவதில்லை. மார்கழியில் வாரியத்தார் வெட்டும் குச்சிகள் அவர்களுடைய நாற்றுக்கூடத்திலேயே, ஒரு விவசாயி கைக்கும் போகாமல் கறுத்துச் சாகும். யார் செய்தது என்று தெரிய ரொம்ப நேரம் ஆகாது. வழக்கு திரும்பி வரும். வரட்டும்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல் செடியின் பட்டையைக் கீறினாள். செம்மணி மொட்டை நகத்தளவு சீவி எடுத்து, பட்டைக்குள் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றினாள்.

காவலாள் பீடியை அணைத்துவிட்டு அருகில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒட்டுக் கட்டுறீங்களா? பிடிச்சுக்கிருமா?"

ஜெசிந்தா நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"பிடிச்சுக்கும்ணே," என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.